மீட்டரிலிருந்து பின்கட்டு வரை: நீளமான மெயின் கேபிளைப் பாதுகாக்க ஒரு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மனை பதினைந்து அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். நான்கு குடித்தனங்களுக்கான மீட்டர்களும் தெருவாசலை ஒட்டிய நடைச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் இருப்பதோ பின்கட்டின் இரண்டாவது மாடியில். மீட்டரிலிருந்து எங்கள் டிபி பாக்ஸ் (வீட்டுக்குள் ஒவ்வொரு அறைக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்சுப் பெட்டி) வரை கேபிள் ஓடும் தூரம் 38 மீட்டர். ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளே அதிகம் என்பதால் இந்த நீளத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு மே மாத மாலையில் மாடிப்படிச் சுவரிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம் போலச் சுட்டது. ஓடிப்போய் டிபி பாக்ஸில் மெயினை அணைத்தேன். விளக்குகள் அணைந்தன, சுவர் மட்டும் ஆறவில்லை. கேபிள் டிவிக்காரர் வயரைப் பிடிக்க அடித்த ஆணி ஒன்று, சுவருக்குள் இருந்த பைப்பைத் துளைத்து மெயின் கேபிளில் இறங்கியிருந்தது. அந்தப் பழுது டிபி பாக்ஸுக்கு முன்னால் இருந்ததால் டிபி பாக்ஸில் உள்ள எந்தச் சுவிட்சாலும் அதைத் தொட முடியவில்லை. இரண்டு மாடி இறங்கி, நடையில் மீட்டருக்குக் கீழே இருந்த சுவிட்சைக் கையால் தட்டிய பிறகே அது அடங்கியது. டிபி பாக்ஸில் உள்ள பாதுகாப்பு தனக்குப் பின்னால் இருப்பவற்றை மட்டுமே காக்கும். தன்னை நோக்கி வரும் கேபிளைக் காக்க வேண்டியது அந்தக் கேபிள் தொடங்கும் இடத்தில் உள்ள கருவிதான். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சுவரும் ஏறத்தாழ இரண்டு மாதமும் செலவாயின. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. மீட்டருக்குக் கீழே இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

மீட்டருக்கும் உங்கள் கேபிளின் தொடக்கத்துக்கும் இடையே ஒரு சிறிய பெட்டி இருக்கலாம். அதில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பை முறிக்கும் சுவிட்ச்) போலவே தோற்றமளிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கலாம். எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை எம்சிபி என்று நான் ஐந்து ஆண்டுகள் நம்பியிருந்தேன். உண்மையில் அது ஐசோலேட்டர். கையால் தட்டினால் அணையுமே தவிர, எத்தனை ஆம்பியர் பாய்ந்தாலும் தானாக விழாது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. டார்ச் அடித்து முகப்பைப் படியுங்கள். எம்சிபி என்றால் ஆங்கில பி அல்லது சி எழுத்தும் அதை ஒட்டி 25, 32 போன்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். அந்தக் கட்டத்தில் உள்ளது, ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது அது பத்திரமாக முறிக்கக்கூடிய அதிகபட்ச ஆம்பியர் அளவு. ஐசோலேட்டரில் எழுத்து ஒட்டாமல் வெறுமனே 40 ஆம்பியர் என்றோ 63 ஆம்பியர் என்றோதான் இருக்கும். கடையில் ஐசோலேட்டரின் விலை எம்சிபியைவிடக் குறைவு என்பதையும், முன்பு வேலை செய்தவர் ஏன் அதைப் போட்டார் என்பதையும் நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டருக்கு முன்னால் மின்வாரியத்தின் கட்-அவுட் ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது வாரியத்தின் பொருள். வாரியத்தின் லைனையும் மீட்டரையும் மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அதில் ஒரு காலத்தில் யாரோ ஃபியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அதை நீங்கள் கழற்றிப் பார்க்கவும் கூடாது.

இதே நேரத்தில் கேபிள் போகும் வழியை டேப் பிடித்து அளந்து, செங்குத்தாக ஏறும் இடங்களையும் வளைவுகளையும் சேர்த்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த நீளத்தை நம்பியே இருக்கிறது.

2. பளுக் கணக்கை எழுதி, தேவையானால் ஈபி ஆபீஸை முதலில் முடியுங்கள்

டான்ஜெட்கோவாக இருந்த நிறுவனத்தின் விநியோகப் பிரிவுக்கு 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். எங்கள் பகுதியில் அது என்றைக்கும் ஈபி ஆபீஸ்தான். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு (லோடு) எவ்வளவு என்பதை மின் இணைப்பு எண்ணைக் கொண்டு உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

அடுத்து, ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றை எழுதுங்கள். எங்கள் கணக்கு இது: ஒன்றரை டன் ஏசிக்கு 8 ஆம்பியர், இஸ்திரிப் பெட்டிக்கு 4.5, ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி, மிக்ஸி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5. மொத்தம் 17 அல்லது 18 ஆம்பியர். கீசர் எங்களிடம் இல்லை. வெயில் காலத்தில் எங்கள் தெருவில் மாடித் தொட்டியின் குழாயே வெந்நீர்தான் தரும்.

உங்கள் கூட்டுத்தொகை அனுமதிக்கப்பட்ட பளுவைத் தாண்டினால், கேபிள் வாங்குவதற்கு முன்பே கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம்; ஏனெனில் பளு ஒரு வரம்பைத் தாண்டினால் ஒருமுனை இணைப்பை மும்முனையாக மாற்றச் சொல்வார்கள், அப்படி மாறினால் நீங்கள் வாங்கி வைத்த கேபிளும் எம்சிபியும் பயன்படாமல் போகும். விண்ணப்பத்தை இணையத்திலேயே கொடுக்கலாம். மின் இணைப்பு எண், சொத்து வரி ரசீது அல்லது கிரயப் பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது அந்த ஒரு வேலைதான்.

3. கேபிளின் தடிமனை நீளத்தையும் வெயிலையும் பார்த்துத் தீர்மானியுங்கள்

வயர்மேன்களின் பேச்சில் தடிமன் என்றால் ஸ்கொயர், அதாவது கம்பியின் குறுக்குவெட்டு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பது. கடைக்காரர் 4 ஸ்கொயர் காப்பர் 32 ஆம்பியர் தாங்கும் என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பைப்புக்குள் ஓடும் பிவிசி கேபிளுக்கு, சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது உள்ள அளவு. 40 டிகிரியில் அது 28 ஆம்பியராகக் குறையும். மேற்குச் சுவரிலோ மொட்டை மாடியிலோ வெயிலில் கிடக்கும் பைப்புக்குள் 50 டிகிரி ஆனால் 23 ஆம்பியருக்குக் கீழே வந்துவிடும். அப்போது முன்னால் 25 ஆம்பியர் எம்சிபி வைத்தாலும் அது கேபிளைக் காக்காது. 6 ஸ்கொயர் காப்பர் என்றால் அதே 50 டிகிரியில் 29 ஆம்பியர் வரை தாங்கும்.

வோல்டேஜ் இறக்கம் வேறு கணக்கு. ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 4 ஸ்கொயரில் 11 மில்லிவோல்ட், 6 ஸ்கொயரில் 7.3 மில்லிவோல்ட், 10 ஸ்கொயரில் 4.4 மில்லிவோல்ட் இறங்கும். எங்கள் 38 மீட்டரில் 25 ஆம்பியர் ஓடினால் 4 ஸ்கொயரில் 10 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 6 ஸ்கொயரில் 7 வோல்ட் போகும், அதாவது 230-இல் மூன்று சதவீதம். கோடை இரவில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது மீட்டருக்கு வருவதே குறைந்துதான் வருகிறது. அதில் இன்னும் 10 வோல்ட்டைக் கேபிளே தின்றுவிட்டால் ஏசி கம்ப்ரசர் கிளம்பத் திணறும். நாங்கள் 6 ஸ்கொயர் எடுத்தோம். உங்கள் தூரம் 50 மீட்டரைத் தாண்டினால் 10 ஸ்கொயரைப் பாருங்கள்.

4. கேபிள் தொடங்கும் இடத்தில் சரியான எம்சிபி வையுங்கள்

விதி எளியது: எம்சிபியின் அளவு உங்கள் பளுவைவிடக் கூடுதலாகவும், கேபிள் அது போகும் இடத்தின் வெப்பத்தில் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு 18-க்கு மேலும் 29-க்குக் கீழும் என்றானதால் 25 ஆம்பியர். அடிக்கடி விழுகிறது என்று சொல்லி 40 ஆம்பியராக மாற்றுபவர்கள், கேபிளையே ஃபியூஸாக மாற்றுகிறார்கள்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர முறிக்கும் டபுள் போல் எம்சிபியையே கேளுங்கள். நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸ் போடுவது தவறு. அது போனால் விளக்கு எரியாது, ஆனால் வயரில் கரண்ட் இருக்கும். மீட்டர் பக்கம் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் கரண்ட் அதிகம் என்பதால் கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டதை வாங்குங்கள். மாடியில் உள்ள டிபி பாக்ஸின் எம்சிபிகள் இதைவிடச் சிறியவையாக, 6, 10, 16, 20 என்று இருக்கட்டும். அப்படி இருந்தாலும் பலமான ஷார்ட் சர்க்யூட்டில் மேலேயும் கீழேயும் சேர்ந்து விழலாம். அதற்காக இரவில் இரண்டு மாடி இறங்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

5. ஆர்சிசிபியும் எர்த்தும்: பலர் ஏமாறும் இடம்

எம்சிபி மட்டும் ஏன் போதாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கேபிளின் ஃபேஸ் இரும்புப் பைப்பிலோ கிளாம்பிலோ பட்டு, உங்கள் எர்த் குழியின் தடை 5 ஓம் என்று இருந்தால், பாயும் கரண்ட் 230-ஐ 5-ஆல் வகுத்து வரும் 46 ஆம்பியர். 25 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 125 முதல் 250 ஆம்பியர் வரை பாய வேண்டும். 46 ஆம்பியருக்கு அது சூடாகி விழச் சில நிமிடம்கூட ஆகலாம். அந்த நிமிடங்களில் அந்தப் பைப்பைத் தொடுபவர் கதி என்ன என்று யோசியுங்கள். எர்த் லீக்கேஜை, அதாவது இப்படி எர்த்துக்குக் கசியும் கரண்டை, உடனே முறிப்பது ஆர்சிசிபி என்ற கருவியின் வேலை. வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அதற்கு ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் எதுவும் தெரியாது என்பதால் அது எம்சிபிக்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும்.

எங்கே வைப்பது? டிபி பாக்ஸில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வெளிப்புறம் இரும்புக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிள் போடுகிறீர்கள் என்றால், அந்த 38 மீட்டரில் வரும் லீக்கேஜை டிபி பாக்ஸில் இருப்பது பார்க்காது. ஆகவே மீட்டர் முனையிலும் ஒன்று வேண்டும். அங்கேயும் 30 மில்லிஆம்பியரையே வைத்தால் மாடியில் பாத்ரூமில் ஒரு லீக்கேஜ் வந்தாலும் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. மீட்டர் முனைக்குச் சற்றே தாமதித்து விழும் 100 மில்லிஆம்பியர் வகையைக் கேளுங்கள். அதன் முகப்பில் ஒரு சதுரத்துக்குள் ஆங்கில எஸ் எழுத்து இருக்கும். பாரிமுனையைச் சுற்றிய மொத்தக் கடைகளில்கூட அது உடனே கிடைக்கவில்லை. ஆர்டர் கொடுத்து ஆறு நாள் காத்திருந்தேன்.

இனி எங்களை ஒரு வாரம் அலைக்கழித்த சங்கதி. ஆர்சிசிபி மாட்டிய மறுநொடியே விழுந்தது. மாற்றி மாட்டினாலும் விழுந்தது. பொருள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அங்கே சோதித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது விஷயம் தெரிந்தது: எங்கள் நியூட்ரலும் முதல் மாடிக் குடித்தனத்தின் நியூட்ரலும் ஒரே முறுக்கில் டேப் சுற்றிக் கிடந்தன. படிக்கட்டு விளக்குக்கு எங்கள் ஃபேஸ், அவர்கள் நியூட்ரல். ஃபேஸ் வழியே போன கரண்ட் அதே ஆர்சிசிபியின் நியூட்ரல் வழியே திரும்பாவிட்டால், அது லீக்கேஜ் என்றே எடுத்துக்கொண்டு விழும். பல குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கும் ஸ்டோர் வீடுகளிலும் பிரித்துக் கட்டிய பழைய வீடுகளிலும் இந்தப் பொது நியூட்ரல் சாதாரணம். ஆர்சிசிபி வாங்குவதற்கு முன்பே, உங்கள் மெயினை மட்டும் அணைத்துவிட்டுப் பொது விளக்குகள், மோட்டார், காலிங் பெல் ஆகியவை எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதை நேர் இணைப்பாக்கிவிட்டுப் போகும் வயர்மேனை மறுமுறை கூப்பிடாதீர்கள்.

எர்த் வயர் கேபிளோடு சேர்ந்தே கடைசி வரை போக வேண்டும். 16 ஸ்கொயர் வரை எர்த்தும் ஃபேஸும் ஒரே தடிமனில் இருப்பது சரி. தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்பாதீர்கள். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் குழாயாக மாறிப் பல காலம் ஆயிற்று. கடலுக்குப் பக்கத்தில் மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் எர்த் தடை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பையும் கிளாம்பையும் அரித்துவிடும். எங்கள் பழைய எர்த் குழியைத் தோண்டியபோது, கிளாம்ப் இருந்த இடத்தில் துருப் பொடிதான் கைக்கு வந்தது.

6. கேபிள் போகும் வழி

நடையில் தரைக்கு அடியில் புதைக்க வேண்டாம் என்பது என் கருத்து. புதைத்தே ஆக வேண்டுமானால் முக்கால் மீட்டர் ஆழம், மணல் படுகை, மேலே செங்கல் வரிசை வேண்டும். எங்கள் தெருவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சுவரில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. கறைக்கு இரண்டு அடி மேலே கேபிளையும் எம்சிபி பெட்டியையும் வைத்தோம்.

நடைச் சுவரில் ஆர்மர்டு கேபிளே நல்லது. எலியும் பெருச்சாளியும் பிவிசி பைப்பைக் கடித்துவிடும், இரும்புக் கவசத்தைக் கடிக்காது. ஆணியும் எளிதில் இறங்காது. 6 ஸ்கொயர் மூன்று கோர் காப்பர் ஆர்மர்டு எடுத்தால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒன்றாகவே போய்விடும். கோர் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலமாக இருக்கும் என்பதால், எர்த்தாக எடுத்துக்கொள்ளும் கோருக்கு இரண்டு முனையிலும் பச்சை ஸ்லீவ் மாட்டுங்கள். கவசத்தைக் கிளாண்ட் (கேபிள் முனையைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூட்டு) போட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டும். கிளாண்ட் இல்லாமல் துணி டேப் சுற்றி விடுவது வழக்கமான ஏமாற்று. நடுவில் ஜாயின்ட் கூடாது. 38 மீட்டருக்கு 42 மீட்டராக ஒரே துண்டு வாங்கினோம்.

7. ஆள், செலவு, நாள்

மீட்டரின் சீல் வைத்த மூடியை நீங்களோ உங்கள் வயர்மேனோ திறக்கக் கூடாது. பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டால் அவர்கள் ஆள் வந்து திறந்து, வேலை முடிந்ததும் சீல் வைப்பார். எங்களுக்கு நான்காவது வேலை நாளில் வந்தார். தாமதமானால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் பதிவு செய்யலாம். வேலை செய்பவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

எங்கள் செலவு: கேபிள் மீட்டர் 360 ரூபாய் வீதம் 42 மீட்டருக்கு 15,120, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியோடு 17,842. தாமத வகை ஆர்சிசிபி 4,900, சாதாரண ஆர்சிசிபி 2,200, எம்சிபி 850, தண்ணீர் புகாத பெட்டி 1,400, கிளாண்ட், லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது), சாடில் (கேபிளைச் சுவரில் பிடிக்கும் பட்டை) 1,100. புது எர்த் குழிக்கு 4,500. இரண்டு பேர் இரண்டு நாள் கூலி 5,600. ஆக 38,392 ரூபாய். காப்பர் விலை ஏறி இறங்கும் என்பதால் வாங்கும் நாளில் மூன்று கடைகளில் கேளுங்கள்; விலை மிகக் குறைவாகச் சொன்னால் கேபிளின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் எண்ணும் மீட்டர்தோறும் அச்சாகியிருக்கின்றனவா என்று உருட்டிப் பாருங்கள். ஆர்மர்டு என்றால் ஐஎஸ் 1554 அல்லது ஐஎஸ் 7098 என்று இருக்கும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எர்த் குழி தோண்டவும் முடியாது, ஈரச் சுவரில் சாடில் நிற்கவும் நிற்காது.

8. கரண்ட் கொடுப்பதற்கு முன்பும் பின்பும்

இரண்டு முனையையும் இணைப்பதற்கு முன் 500 வோல்ட் மெகர் (வயர்களுக்கு இடையே காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்றையும் பார்க்கச் சொல்லி, அளவைக் கண்ணால் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் இணைக்கவே கூடாது; புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். எங்கள் வயர்மேனிடம் மெகர் இல்லை. வாடகைக்கு வாங்கி வரச் சொன்னபோது முகம் சுளித்தார், வாங்கி வந்தார்.

கரண்ட் வந்ததும் இரண்டு ஆர்சிசிபியிலும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிபி பாக்ஸில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்து எம்சிபி திருகுகளை ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். எங்களுடையதில் நியூட்ரல் திருகு கால் சுற்று இறங்கியது. கேபிள் போகும் வழியை வரைந்த தாளின் நகலொன்றை எம்சிபி பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி, அடுத்த முறை கேபிள் டிவிக்காரர் ஏணியோடு வரும்போது ஆணி அடிப்பதற்கு முன் அதைக் காட்டுங்கள்.